துணைநூற்பட்டியலுக்கு எந்தக் கருவி? தில்லியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண் ஒருத்தி முனிர்க்காவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஆய்வேடு. தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நெறியாளர் உள்ளே அதிகம் கை வைக்கவில்லை. கடைசி நான்கு பக்கங்களில் மட்டும் சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"அக்கா, இதெல்லாம் வெப்சைட்டே போட்டுக் குடுத்தது. நான் எங்க தப்பு பண்ணேன்?"

துணைநூற்பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். 'பிள்ளை' என்ற தலைப்பில் நான்கு பேர் அடுத்தடுத்து நின்றார்கள். முதலெழுத்துகளை உற்றுப் பார்த்தபிறகுதான் ஆள் தெரிந்தது: வையாபுரிப்பிள்ளை, தாமோதரம் பிள்ளை, வேதநாயகம் பிள்ளை, சுந்தரம் பிள்ளை. முந்தைய பக்கத்தில் 'ஐயர், யூ. வி. சுவாமிநாத' என்று ஒருவர். அது உ.வே.சா. அவருடைய 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950-இல் நூலாயிற்று. பட்டியலிலோ ஆண்டு 2017. யாரோ ஒரு புண்ணியவான் அந்த நூலை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிய வருடம் அது. அவள் பயன்படுத்திய இலவசத் தளம் அந்த எண்ணை அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

நான் ஒரு கல்லூரியில் நூலகர். தில்லிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.கே. புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு தமிழ்ப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். பள்ளி பிராஜெக்ட் செய்கிறவனும் இருப்பான், பிஎச்.டி. முடிக்கப் போகிறவளும் இருப்பாள். "எந்த ஆப் நல்லது?" என்ற கேள்வி இப்போது முன்னைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது. தில்லிப் பல்கலைக்கழகம் 2022-இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பின் முதல் அணி 2025-இல் நான்காம் ஆண்டுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டில் ஆய்வேடு எழுதலாம். முன்பு எம்.பில்.லுக்கு வந்தபிறகு யோசித்த விஷயத்தை இருபது, இருபத்தொரு வயதில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கருவிகளை ஒப்பிட என்னிடம் பெரிய அட்டவணை ஏதும் இல்லை. நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் என்று எதை எங்கிருந்து எடுத்தோம் என்பதை அந்தக் கருவி மாணவரின் கண்ணில் காட்டுகிறதா? காட்டினால் தப்பு தெரியும், திருத்தலாம். காட்டாமல் முடிந்த வரியை மட்டும் நீட்டினால், அதை நகலெடுத்து ஒட்டுவதைத் தவிர பிள்ளைக்கு வேறு வேலை இல்லை. விலை, வசதி, வேகம் எல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

சான்று காட்டுவது ஆங்கிலக் கல்வி நம் தலையில் கட்டிய சடங்கு என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் தொல்காப்பியத்தில் திரும்பத் திரும்ப வரும் 'என்மனார் புலவர்' என்ற தொடரைச் சொல்லுவேன். தனக்கு முன்னே சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்த நூல் நடக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. பழைய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய பாடல்கள் பலவற்றுக்கு நூற்பெயர் சொல்லாமல் போனார்கள். அவர்கள் காலத்தில் கேட்பவருக்கு அது தெரிந்திருக்கும். பின்னால் அந்த நூல்களே அழிந்துவிட்டன. பதிப்பாசிரியர்கள் தேடித் தேடிக் களைத்து, 'இடம் விளங்கா மேற்கோள்' என்று தனியாக ஒதுக்கி வைத்த வரிகளை நம் பழைய பதிப்புகளின் பின்னிணைப்பில் இன்றும் பார்க்கலாம். ஒரு பாட்டு கையில் இருக்கிறது, அதன் வீடு எது என்று தெரியவில்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

சரி, கருவிகளுக்கு வருகிறேன்.

முதலில் கூகுள் ஸ்காலர். ஒவ்வொரு முடிவின் கீழும் மேற்கோள் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ., சிகாகோ, ஹார்வர்டு, வான்கூவர் என்ற ஐந்து பாணிகளில், அதாவது நூல் விவரங்களை அடுக்கி எழுதும் ஐந்து முறைகளில், வரி வந்து நிற்கும். பெரும்பாலான பிள்ளைகளின் முதல் கருவி இதுதான், சிலருக்குக் கடைசிக் கருவியும் இதுதான். ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரை என்றால் பெரும்பாலும் பழுதில்லை. ஆனால் விவரங்களை இயந்திரம் தானாகத் திரட்டுகிறது. நூலின் ஒரு இயல், கருத்தரங்கத் தொகுப்பு, மறுபதிப்பு என்று வந்தால் தடுமாறும். என் அளவுகோலில் இது தேறாது. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று தனித்தனிப் பெட்டிகள் இல்லை, வெறும் வரிதான். தேடுவதற்கு ஸ்காலர் அருமையான இடம். பட்டியல் போட அங்கிருந்து அப்படியே எடுக்காதீர்கள்.

அடுத்தது பதிவு ஏதும் செய்யாமல் உடனே வேலை முடிக்கிற தளங்கள். ஸோட்டெரோபிப், மைபிப், ஸ்க்ரிப்பர் மூன்றையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். நூலுக்குரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னையோ, ஆய்விதழ்க் கட்டுரைக்குரிய அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யையோ, இணைய முகவரியையோ இட்டால் பதிவு உருவாகும். இவற்றில் என் தேர்வு ஸோட்டெரோபிப். 2018-இல் வந்தது. விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம். பட்டியல் அந்த உலாவியிலேயே தங்கும், வேண்டுமானால் ஓர் இணைப்பு உருவாக்கி ஆசிரியருக்கு அனுப்பலாம். முக்கியமான சங்கதி, ஒரு பதிவைத் தொட்டால் எல்லாப் பெட்டிகளும் விரிகின்றன. 'நூல்' என்று இருப்பதை 'நூலின் இயல்' என்று மாற்றலாம், பெயரைத் திருத்தலாம். கைபேசி உலாவியிலும் நன்றாக நடக்கிறது. மடிக்கணினி இல்லாத பிள்ளைகள் தில்லியில் நிறையப் பேர். முகர்ஜி நகரிலும் முனிர்க்காவிலும் ஓர் அறையில் மூன்று பேர் தங்கி, மூவருக்கும் சேர்த்து ஒரு கணினி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது பெரிய உதவி. ஓர் எச்சரிக்கை மட்டும்: உலாவியின் சேமிப்பை அழித்தால் பட்டியலும் போய்விடும். இணைப்பை உருவாக்கி, அதை உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டுக்குள்ளேயே இருக்கிற மேற்கோள் வசதியை யாரும் மதிப்பதில்லை. 2007 பதிப்பிலிருந்தே அது உண்டு. இணையம் வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் நாமே தட்டச்சு செய்ய வேண்டும், பாணிகளும் பழைய பதிப்புகள். எங்கள் வீட்டுக் கணினியில் இருக்கிற வேர்டு ஏ.பி.ஏ. ஆறாம் பதிப்பைத்தான் காட்டுகிறது. ஏழாம் பதிப்பு 2019-லேயே வந்துவிட்டது. அதில் பதிப்பகம் இருக்கும் ஊரின் பெயரைக் குறிக்க வேண்டாம், ஆறாம் பதிப்பில் குறிக்க வேண்டும். கல்லூரிக்கு இது உதவாது. பள்ளிப் பிள்ளைக்கு உதவும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கூகுள் டாக்ஸிலும் கருவிகள் பட்டியலில் மேற்கோள் வசதி இருக்கிறது. மூன்றே பாணி. சிறிய கட்டுரைக்குப் போதும்.

ஆய்வேடு என்று வந்துவிட்டால் இவை எதுவும் போதாது. நாற்பது, ஐம்பது நூல்கள், இரண்டு வருட உழைப்பு, நடுவில் மாறுகிற தலைப்பு. அப்போது வேண்டியது சேமித்து வைக்கிற அலமாரி. மூன்று பெயர்கள் காதில் விழும்: ஸோட்டெரோ, மெண்டலி, எண்ட்நோட்.

எண்ட்நோட் காசு கொடுத்து வாங்க வேண்டியது. உங்கள் நிறுவனம் வாங்கித் தந்திருந்தால் பயன்படுத்துங்கள், சொந்தப் பணம் போட வேண்டாம். மெண்டலி இலவசம், 2 ஜி.பி. சேமிப்பிடமும் தருகிறது. அறிவியல் மாணவர்கள் பலர் அதில் பழகியவர்கள். அதை 2013-இல் ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனமான எல்சேவியர் வாங்கியது. 2021-இல் கைபேசிச் செயலிகள் நிறுத்தப்பட்டன. 2022-இல் பழைய கணினிச் செயலியைப் புதிதாக இறக்குவதும் நின்றது. புதிய செயலி நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஐந்து வருடம் ஆய்வு செய்கிறவள் தன் முழுச் சேகரிப்பையும் எங்கே வைக்கிறாள் என்பதை யோசிக்கும்போது இந்தக் கதையை நான் மறப்பதில்லை.

ஸோட்டெரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று மையத்தில் பிறந்தது. திறமூல மென்பொருள், லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. வரலாற்றுக்காரர்கள் உருவாக்கியதாலோ என்னவோ, கையெழுத்துப் பிரதி, கடிதம், நேர்காணல், செய்தித்தாள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி வகை வைத்திருக்கிறது. பதிவுகளுக்கு எல்லை இல்லை. இணைக்கிற பி.டி.எஃப். கோப்புகளை இணையத்தில் வைக்க 300 எம்.பி. மட்டும் இலவசம். அதற்கு மேல் 2 ஜி.பி. வேண்டுமென்றால் ஆண்டுக்கு 20 டாலர். நான் யாரையும் பணம் கட்டச் சொல்வதில்லை. கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை பென் டிரைவில் நகலெடுத்தால் போதும். வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் மூன்றோடும் சேர்ந்து வேலை செய்கிறது. திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக்கட்டுரை ஏதாவது உங்கள் சேகரிப்பில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அறிவியல் பிள்ளைகளையும் இதற்கு மாறச் சொல்லுவேன். ஐ.ஐ.டி.யில் படிக்கும் என் அக்கா மகன், அறிவியல்காரர்கள் வேர்டுக்குப் பதில் பயன்படுத்தும் லேடெக்ஸில் எழுதுகிறான். அவனும் ஸோட்டெரோவில் சேர்த்து, லேடெக்ஸ் படிக்கும் பிப்டெக்ஸ் கோப்பாக எடுத்துக்கொள்கிறான்.

நம் பெயர்கள், நம் எழுத்துகள்

இனி நம் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற சிக்கல். கருவியை எழுதியவர் எங்கோ உட்கார்ந்து, 'கடைசிச் சொல்லே குடும்பப்பெயர்' என்று எழுதி வைத்துவிட்டார். எஸ்.ஆர். ரங்கநாதன் என்றால் பிரச்சினை வராது. சீர்காழி ஊர், ராமாமிர்தம் தந்தை, ரங்கநாதன் அவர். கடைசிச் சொல்தான் ஆளின் பெயர் என்பதால் 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று சரியாக விழுகிறது. சாதிப்பெயரோ பட்டமோ பின்னால் வந்தால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது நேரும். முதலெழுத்தைப் பின்னால் போட்டு 'கவிதா எஸ்.' என்று எழுதுகிறவர்களுக்கு இன்னும் மோசம், 'எஸ்' என்பதே குடும்பப்பெயராகிவிடும். புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கோ பிரிக்க ஒன்றுமே இல்லை. புதுமைப்பித்தனை எப்படி இரண்டாக்குவது?

ரங்கநாதன் பெயரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர், 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சில ஆண்டுகள் இங்கே பணியாற்றினார். இந்தியப் பெயர்களை நூற்பட்டியலில் எப்படித் தலைப்பாக எழுதுவது என்பதற்கு அவர் விதிகள் வகுத்திருக்கிறார். ஆக இது புதுக் கேள்வியும் இல்லை, பதில் கிடைக்காத கேள்வியும் இல்லை. நூலகவியலுக்கென்று அவர் வகுத்த வேறு ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. இந்தத் தளங்கள் எல்லாம் எழுதுகிறவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதாகத்தான் விளம்பரம் செய்கின்றன. 'ஐயர், யூ. வி. சுவாமிநாத' என்ற பெயரோடு நூலகத்துக்குப் போய்த் தேடுகிற வாசகரின் நேரத்தை யார் திருப்பித் தருவது?

ஸோட்டெரோவில் பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பெட்டிகள் ஒன்றாகும். புதுமைப்பித்தனை அப்படி இடலாம். உ.வே.சா.வுக்கு இரண்டு பெட்டியே போதும், முதல் பெட்டியில் 'சாமிநாதையர்', இரண்டாவதில் 'உ.வே.' என்று நாமே திருத்த வேண்டும். ஒருமுறை திருத்திவிட்டால் ஆய்வேடு முழுவதும் மாறிவிடும். அலமாரி வகைக் கருவியின் பெரிய லாபம் இதுதான்.

பழைய தமிழ் நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். கிடையாது. அந்த எண் உலகத் தரமாக ஆனதே 1970-இல். அதற்குப் பின் வந்த சிறு பதிப்பக நூல்களிலும் பல எண் இல்லாமல் அச்சானவை. எண் இருந்தாலும், கருவி அயல்நாட்டு நூலகப் பட்டியலிலிருந்து விவரம் எடுக்கும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், மேலே கோடுகளும் கீழே புள்ளிகளும் வைத்த ஒலிபெயர்ப்பாகத்தான் வரும். ஆங்கில ஆய்வேட்டுக்கு அது நல்லதே. தமிழ் ஆய்வேட்டுக்கு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பு வெறும் படம் என்பதால், கருவியால் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. பழைய எழுத்துருவில் செய்த கோப்பிலிருந்து நகலெடுத்தால் புரியாத குறிகள் வந்து விழும்.

தமிழிலேயே ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறைதான் யூனிகோடு; அந்த எண் வரிசையும் நம் அகரவரிசையும் ஒன்றில்லை. யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன நிற்கிறது, ர-வுக்கு அடுத்து ற. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் நிற்கிறது. எண் வரிசைப்படி அடுக்கினால் 'அன்பழகன்' முன்னால் வந்து 'அப்பாதுரை' பின்னால் போவார். 'கணேசன்' முன்னால் வருவார், 'கண்ணன்' பின்னால். நம் அகராதி முறைப்படி இரண்டும் தலைகீழ். தமிழ்த்துறைத் தேர்வாளர் இதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். முன் சொன்ன நூலையே மறுபடி குறிக்க அடிக்குறிப்பில் 'மேலது', பக்கத்துக்கு 'ப.', 'பக்.' என்று வர வேண்டிய இடங்களில் ஆங்கிலக் குறிகள் வருவதும் உண்டு.

அதனால் தமிழ் ஆய்வேட்டுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முறை இது. சேர்ப்பது எல்லாம் ஸோட்டெரோவில். ஆய்வேடு முழுக்க முடிந்தபிறகு, கோப்பை ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் ஸோட்டெரோவின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அப்போது மேற்கோள்கள் எல்லாம் சாதாரண எழுத்தாகிவிடும். பிறகு கையால் அகரவரிசை திருத்தி, 'மேலது' போட்டு முடிக்கலாம். மூலக் கோப்பைத் தொடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் அவசரத்தில் மூலக் கோப்பிலேயே துண்டித்துவிட்டு, நெறியாளர் பாணியை மாற்றச் சொன்னதும் இருநூற்றுச் சொச்சம் அடிக்குறிப்புகளை இரவு பகலாக உட்கார்ந்து மாற்றினான். அவன் அம்மா சேலத்திலிருந்து போன் செய்து, "புள்ள தூங்குறானா?" என்று என்னிடம் விசாரித்தார்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா?

இப்போது எல்லாப் பிள்ளைகளும் முதலில் போகிற இடம் உரையாடல் செயலிதான். 'இந்தத் தலைப்புக்குப் பத்து நூல் சொல்லு' என்றால் பத்தும் வரும். ஆசிரியர் உண்மை, இதழ் உண்மை, கட்டுரை மட்டும் உலகத்தில் இல்லை. நியூயார்க்கில் 2023-இல் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். தமிழ் நூல்கள் என்று கேட்டால் ஆபத்து இன்னும் கூடுதல். போன வருடம் ஒரு மாணவி கொண்டு வந்த பட்டியலில் ஏழு தமிழ் நூல்கள் இருந்தன. நானும் அவளும் ஒரு முழு மாலை தேடினோம். இரண்டுதான் கிடைத்தன. அந்த இரண்டிலும் ஒன்றுக்கு ஆசிரியர் வேறு.

இதை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. நீங்களே நூலைப் பார்த்து எடுத்த விவரங்களைக் கொடுத்து, 'இதை எம்.எல்.ஏ. ஒன்பதாம் பதிப்பு முறையில் அடுக்கு' என்று கேட்கலாம். அடுக்கித் தரும். காற்புள்ளி, சாய்வெழுத்து சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். நூலைக் கண்டுபிடித்துத் தருகிற வேலையை மட்டும் அதனிடம் விடாதீர்கள். எந்த டி.ஓ.ஐ. எண் வந்தாலும் டி.ஓ.ஐ. தளத்தில் இட்டுப் பாருங்கள், அதே கட்டுரை திறக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

'மேற்கோள் போட்டால் பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) சதவீதம் குறையுமா?' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 விழுக்காடு வரை என்றால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. உரிய சான்றோடு காட்டிய மேற்கோளும், துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது. அதாவது சான்று காட்டுவது உங்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் அடுத்தவர் பத்தியை அப்படியே வைத்துவிட்டு, கடைசியில் நூல் பெயரை மட்டும் எழுதுவது மேற்கோள் ஆகாது.

யாருக்கு எதைச் சொல்லுவேன்

பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் எந்தத் தளமும் வேண்டாம். பள்ளி பிராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் 'கூகுள், விக்கிப்பீடியா' என்று இரண்டு வரி எழுதி முடிக்கிற வழக்கத்தை மாற்றினாலே பெரிய காரியம். நான் என் நூலகத்திலிருந்து பழைய பட்டியல் அட்டைகளைக் கொண்டு வந்து கொடுப்பேன். ஒரு நூலுக்கு ஓர் அட்டை. தலைப்புப் பக்கம், அதற்குப் பின்பக்கம் இரண்டையும் பார்த்து ஆறு விவரம் எழுத வேண்டும். ஐந்து அட்டை எழுதியபிறகு வேர்டில் உள்ள படிவத்தில் அவனே இடுவான். ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் இருக்கிறது, எல்லாவற்றையும் கையால் நிரப்ப வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குக் குறையாகத் தெரிவது இந்த வயதுக்கு நல்லது.

பட்டப்படிப்பில், கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு பருவத்துக்கு நான்கைந்து கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஸோட்டெரோபிப். நான்காம் ஆண்டு ஆய்வேடு எழுதப் போகிறவர்களும், அதற்கு மேல் படிக்கிறவர்களும் முதல் மாதத்திலேயே ஸோட்டெரோவுக்கு வந்துவிட வேண்டும். சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது வந்தால் பழகவும் நேரம் இருக்காது, திருத்தவும் நேரம் இருக்காது. அந்த நிலையில் இருப்பவர்களைக் கையால் எழுதி முடிக்கத்தான் சொல்லுவேன். மெண்டலியில் ஏற்கெனவே முந்நூறு கட்டுரை சேர்த்து, ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிற அறிவியல் மாணவரை நான் இழுப்பதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைக்கச் சொல்லுவேன்.

அந்தப் பெண்ணை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. அவளுக்கு இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. ஸோட்டெரோவை நிறுவி, நாற்பத்தொரு பதிவுகளையும் புதிதாக இட்டோம். மண்டி ஹவுஸ் மெட்ரோவில் இறங்கி ரவீந்திர பவனில் உள்ள சாகித்திய அகாதெமி நூலகத்துக்கு அவளே இரண்டு நாள் போனாள். தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒரு நாள். கிடைத்த நூல்களின் தலைப்புப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, அந்தப் படத்தையே ஸோட்டெரோவில் அந்தந்தப் பதிவோடு இணைத்து வைத்தாள். இந்த யோசனை அவளுடையது. இப்போது நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் நால்வரும் பிரிந்து தத்தம் பெயருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 'என் சரித்திரம்' நூலுக்கு முதற்பதிப்பு ஆண்டையும், தான் படித்த பதிப்பின் ஆண்டையும் சேர்த்துக் குறித்தாள்.

இரண்டாவது முறை நெறியாளர் ஒரே ஒரு வட்டம் போட்டிருந்தார். 1894-இல் உ.வே.சா. பதிப்பித்த புறநானூற்றைப் பற்றிய இயலில், ஒரு பாட்டுக்கு மறுபதிப்பின் பக்க எண்ணைக் கொடுத்திருந்தாள். பாட்டு எண்ணும் அடி எண்ணும்தான் வேண்டும், எந்தப் பதிப்பை எடுத்தாலும் அது மாறாது. ஸோட்டெரோவில் மேற்கோளைச் சொடுக்கி, 'பக்கம்' என்று இருக்கிற இடத்தை 'வரி' என்றோ 'செய்யுள்' என்றோ மாற்றிக்கொள்ளலாம். அவளுக்கு அதைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. போனில் என்னிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே மாற்றி முடித்துவிட்டாள்.